ஏழு சஷ்டி விரதமும் பாபகூராவில் கிடைத்த பேத்தியும்

அடியார்களே, வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் அர்ச்சனைச் சீட்டு எழுதும் மேசையில் என்னைப் பார்த்திருப்பீர்கள். நட்சத்திரத்தை மாற்றிச் சொன்னால் முகத்தைச் சுளிக்கும் அந்த ஆள்தான் நான். போன வருடக் கந்தசஷ்டியில் எனக்கு நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன். வெட்கப்பட வேண்டிய பகுதியும் அதில் இருக்கிறது.

அப்போது என் ஒரே மகள் தாரணியோடு நான் பேசாமல் விட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. அவள் யமுனாவைக் கல்யாணம் செய்துகொண்டாள். யமுனா மதுரைக்காரி, நர்ஸ், தங்கமான குணம். ஆனால் பெண். இது நம் சமயத்துக்கு அடுக்காது என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். எந்த நூலில் அப்படி இருக்கிறது என்று என் மனைவி சரோஜா ஒருமுறை கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. தெரியாததால் இன்னும் சத்தமாகக் கத்தினேன்.

பேச்சு நின்றாலும் விரதம் நிற்கவில்லை. மகளுக்குப் பிள்ளைப்பாக்கியம் வேண்டி, விரி என்ற தொழிற்பேட்டையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலைக்கு லீவு போட்டு, ஏழு வருடமாகச் சஷ்டி பிடித்தேன். ஆறு நாளும் பாலும் பழமும்தான். "என்ன வேண்டுதல்?" என்று ஐயர் கேட்பார். மகளுக்குக் கல்யாணமாகி ஒரு குழந்தை என்பேன். கடைசி மூன்று வருடமும் யமுனாவுக்குப் பதிலாக நல்ல மாப்பிள்ளை ஒருவரையும் சேர்த்துக் கேட்டேன். முருகனுக்கே வேலை சொல்லிக் கொடுத்தேன், பாருங்கள்.

போன வருடம் விரதத்தின் ஐந்தாம் நாள், தாரணி தாய்க்கு போன் எடுத்து அழுதாள். ஒரு இளம்பெண்ணுக்குப் பெண்குழந்தை பிறந்து எட்டு நாள். அவளால் வளர்க்க முடியாத நிலை. தத்தெடுக்கக் காத்திருந்த குடும்பங்களில் தாரணியையும் யமுனாவையும் அவளே தேர்ந்தெடுத்திருந்தாள். ஆனால் தாரணியின் அப்பா எங்கே என்று கேட்டிருக்கிறாள். இவர்கள் உண்மையைச் சொல்லிவிட்டார்கள். பெற்ற பிள்ளையையே வேண்டாம் என்கிறவர் இருக்கும் குடும்பத்துக்குக் கொடுக்கமாட்டேன் என்றாளாம். மறுநாள் நான் போய் அந்தப் பெண்ணைப் பார்க்காவிட்டால் குழந்தை வேறு குடும்பத்துக்குப் போய்விடும்.

"நான் வரேல்லை எண்டு சொல்லு," என்றேன்.

சரோஜா அடுப்படிக்குள் போய் நின்று அழுதாள். அதைக் கேட்டுக்கொண்டும் நான் தேவாரம் பாடினேன். என்ன மனிதன் நான்!

ஆறாம் நாள் காலை கோயிலில் ஐயர் வழமைபோல வேண்டுதலைக் கேட்டார். வாயைத் திறந்தேன். எதைக் கேட்பது? குழந்தை கொடு என்று கேட்டால், முருகன் கொடுத்தாயிற்று. இந்தக் குழந்தை வேண்டாம் என்றால், ஏழு வருட விரதத்தை என் கையாலேயே அழித்ததாகிவிடும். பின்னால் நின்றவர்கள் பொறுமை இழந்தார்கள்.

"முருகா, என்னாலை தனியப் போக ஏலாது. நீயே கூட்டிக்கொண்டு போ," என்று வாய்விட்டு அழுதேன்.

கோயிலிலிருந்து நேரே சரோஜாவோடு அந்தப் பெண் இருந்த பாபகூராவுக்குக் காரை விட்டேன். அந்தப் பெண்ணின் வீட்டு வரவேற்பறையில் தாரணி என்னைக் கண்டதும் எழும்பி நின்றாள். யமுனாதான் முதலில் பேசினாள்.

"மாமா, உக்காருங்க. ரொம்பச் சோர்ந்து போயிருக்கீங்க. ஜூஸ் எடுத்துட்டு வரவா?"

"வேண்டாம் பிள்ளை, விரதம்," என்றேன். அவளோடு நான் அன்பாகப் பேசிய முதல் வார்த்தைகள் அவை.

என்ன சொல்கிறார் என்று அந்தப் பெண் கேட்டாள். சாப்பிடாமல் விரதம் இருக்கிறார் என்று யமுனா விளக்கினாள். எதற்காக என்று அவள் என்னையே கேட்டாள். எனக்கு ஆங்கிலம் தடுமாறும்.

"ஒரு பேரப்பிள்ளைக்காக. ஏழு வருடமாக," என்றேன்.

அவள் எழும்பிக் குழந்தையின் தொட்டிலடிக்குப் போனாள். "என் மகளுக்காக ஒருவர் இத்தனை காலம் பசியோடு இருந்தாரா?" என்று சொல்லி, குழந்தையைத் தூக்கி என் மடியில் வைத்தாள். நான் விம்மி விம்மி அழுதேன். அறையில் அழாத ஆள் குழந்தை மட்டும்தான்.

சட்டப்படி காத்திருக்க வேண்டிய நாட்கள் முடிந்ததும் அவள் கையெழுத்து வைத்தாள். நீதிமன்ற அலுவல்களும் ஒவ்வொன்றாக முடிந்தன. குழந்தைக்கு மயூரி என்று பெயர். பெற்றவளும் மாதம் ஒருமுறை வந்து கொஞ்சிவிட்டுப் போகிறாள். யமுனாவிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் விடுங்க மாமா, மொதல்ல டயப்பர மாத்துங்க," என்றாள். மாற்றினேன். இப்போது கைதேர்ந்துவிட்டேன்.

முருகா, நான் கேட்டதைத் தந்தாய். அதை வாங்குகிற மனத்தையும் நீயே தந்தாய். பிள்ளைகளோடு பேசாமல் இருக்கும் பெற்றோரே, அவன் காலைப் பிடியுங்கள், அவன் கைவிடமாட்டான். இந்தச் சஷ்டிக்கு எங்கள் வீட்டார் எல்லோரும் கோயிலுக்கு வருவோம். யாருக்காவது மனம் ஒப்பவில்லை என்றால் நேரே என்னிடம் வந்து சொல்லுங்கள். போன வருடம் நானும் அதையேதான் சொன்னேன், ஆகவே பொறுமையாகக் கேட்பேன். பேத்தியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கேட்பேன்.