மனைவிக்கு நான் தேர்ந்தெடுத்த தட்டு

இதை எழுதட்டுமா என்று மனைவியிடம் கேட்டேன். "எழுதுங்க. ஆனா நடந்தத நடந்தபடி எழுதுங்க" என்றாள்.

ஓசூரில் வேலை பார்த்த காலத்தில் டிஸ்க் கோல்ஃப் பழகினேன். பந்தும் மட்டையும் கிடையாது. சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறிய பிளாஸ்டிக் தட்டு ஒன்றை வீசி, தூரத்தில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடைக்குள் விழவைக்க வேண்டும். வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று கம்பெனி சொன்னதும் மொரப்பூர் பக்கம் எங்கள் ஊருக்கே வந்துவிட்டோம். அரூர் பட்டறை ஒன்றில் ஒரு கூடையைச் செய்து வாங்கி, கடலை பிடுங்கிய எங்கள் நிலத்தில் நட்டேன். ஊரில் அதைக் கோழிக்கூண்டு என்று நினைத்தவர்கள் உண்டு.

என் மனைவி பாப்பாரப்பட்டிக்காரி. பள்ளியில் எறிபந்து ஆடியவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "நானும் ஒன்னு வீசிப் பாக்கட்டுங்களா?" என்று கை நீட்டினாள். என்னிடம் இருந்ததிலேயே மட்டமான ஒரு நீலத் தட்டைக் கொடுத்தேன். நெடுந்தூரம் போகும் டிரைவர் வகைதான். ஆனால் நூற்றைம்பது கிராம், சாதாரணப் பிளாஸ்டிக். எங்கள் நிலத்துக் கல்லில் பட்டுப் பட்டு விளிம்பெல்லாம் தேய்ந்திருந்தது.

வலக்கையால் வீசும் தட்டு வேகம் குறையும்போது இடப்பக்கம் திரும்பி விழும். சில தட்டுகள் பிடிவாதமாகத் திரும்பும். மிக வேகமாக வீசினால்தான் நேராகப் போகும். தேய்ந்த சாதாரணப் பிளாஸ்டிக்கில் அந்தப் பிடிவாதம் தளர்ந்துவிடும். எடையும் குறைவாக இருந்தால் நிதானமான கைக்கும் நெடுந்தூரம் மிதந்து போகும். இதையெல்லாம் அவளுக்கு விளக்கிச் சொன்னவன் நான்தான். வேகமாக வீசுகிறவன் என்ற நினைப்பில் எனக்கு நூற்றெழுபத்தைந்து கிராமில், தேயவே தேயாத விலை உயர்ந்த பிளாஸ்டிக்கில், பிடிவாதமான தட்டுகளாகவே வாங்கி வைத்திருந்தேன். அவற்றில் பாதி என் கைக்கே அடங்காதவை. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மூன்று மாதத்தில் அவள் என்னை எட்டிவிட்டாள். ஒருநாள் என் தம்பி வந்து வரப்பில் உட்கார்ந்திருந்தபோது நான் வீசினேன். பிறகு அவள் வீசினாள். நீலத் தட்டு என்னுடையதைத் தாண்டிப் பத்தடி போய் விழுந்தது. தம்பி கைதட்டிச் சிரித்தான். "அண்ணா, அண்ணி உங்களத் தாண்டிட்டாங்க!"

நானும் சிரித்தேன். உள்ளே எரிந்தது.

அடுத்த மாதம் பெங்களூரில் ஒரு பூங்காவில் சிறிய போட்டி. இருவரும் பெயர் கொடுத்தோம். பெண்களுக்குத் தனிப் பிரிவு. அவள் என்னோடு மோதப்போவதே இல்லை. ஆனாலும் எங்கள் இருவரின் ஆட்டக் கணக்கும் ஒரே பலகையில் எழுதப்படும் என்று எனக்குத் தெரியும். கிளம்புவதற்கு முந்தின நாள் அவள் தட்டுகளை எல்லாம் கட்டிலில் பரப்பி வைத்துக்கொண்டு கேட்டாள்.

"என்னங்க, நான் எத எடுத்துக்கட்டும்?"

நீலத் தட்டைத் தொட்டேன். தொட்டுவிட்டுச் சொன்னேன்: "இது வேணாம். அங்க காத்து ஜாஸ்தி. லேசான தட்டு பொரண்டுக்கும்." என் பையில் இருந்ததிலேயே மிகப் பிடிவாதமான நூற்றெழுபத்தைந்து கிராம் தட்டை எடுத்து அவளிடம் நீட்டினேன். "இது காத்துக்கு நிக்கும்."

முழுப் பொய் என்று சொல்ல முடியாது. பலத்த எதிர்காற்றில் இலேசான தட்டு புரளத்தான் செய்யும். அந்தப் பாதி உண்மைதான் எனக்குத் தைரியம் கொடுத்தது.

"கனமா இருக்குதுங்களே?"

"போகப்போகப் பழகிடும்."

அவள் சரி என்று தலையாட்டினாள். நீலத் தட்டை நான் என் பையில் போட்டுக்கொண்டேன்.

போட்டி நாளில் இலைகூட அசையவில்லை. அவள் வீசிய ஒவ்வொரு தடவையும் தட்டு பாதி தூரத்திலேயே இடப்பக்கம் சரிந்து புதருக்குள் போனது. மொத்தம் ஒன்பது கூடைகளில் ஏழாவதற்கு வந்தபோது தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆண்கள் பிரிவு முன்பே ஆடி முடித்திருந்தது. நான் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுடன் ஆடிய பெங்களூர்ப் பெண்மணி தட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"உங்க கைக்கு இது ஆகாதும்மா. யார் எடுத்துக் கொடுத்தது?"

"வூட்டுக்காரர்தாங்க" என்று என்னைக் காட்டினாள். "அவருக்குத்தான் இதெல்லாம் நல்லாத் தெரியும்."

அவள் குரலில் பெருமை இருந்தது. அந்தப் பெண்மணி என்னைப் பார்த்தார். நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் நடித்தேன். என் தோளில் தொங்கிய பையில் நீலத் தட்டு இருந்தது. அப்போதாவது எடுத்துக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. ஏன் கொண்டுவந்தீர்கள் என்று கேட்பாளே என்ற பயம். அந்தப் பெண்மணியே தன்னுடைய இலேசான தட்டு ஒன்றைக் கொடுத்தார். கடைசி மூன்று கூடைகளுக்கு அவள் அழகாக வீசினாள். ஆனாலும் அவள் பெயர் பலகையில் கடைசியாகத்தான் வந்தது.

திரும்பும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து தோளை நீவிக்கொண்டே, "உங்க பேரக் கெடுத்துட்டேங்க. அத்தன சொல்லிக் குடுத்தும் எனக்கு வரல" என்றாள்.

அதைக் கேட்டபின் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. ஜோலார்பேட்டை தாண்டும்போது எல்லாவற்றையும் சொன்னேன். தம்பி கைதட்டியதையும் சொன்னேன்.

எதிரே இருந்த குடும்பம் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்து எங்களுக்கும் நீட்டியது. அவள் புன்னகையோடு வாங்கிக்கொண்டாள். சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்தபின் கேட்டாள்:

"நா நல்லா ஆடுனா உங்களுக்கு சந்தோசமா இருக்கும்னுதாங்க நெனச்சேன். இல்லீங்களா?"

மொரப்பூரில் இரண்டு பையையும் நானே தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

தோள்வலி இரண்டு வாரத்தில் போய்விட்டது. அவள் நிலத்துப் பக்கம் வரவே நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதமும் கூடை முன்னால் நான் தனியாக நின்று வீசினேன்; எவ்வளவு தூரம் போனது என்று பார்க்கப் பிடிக்கவில்லை. பிறகு ஒருநாள் கூரியரில் அவள் பெயருக்கு ஒரு பெட்டி வந்தது. அந்தப் பெங்களூர்ப் பெண்மணியிடம் போனில் கேட்டு, எடையும் பிளாஸ்டிக்கும் பார்த்து, அவளே வரவழைத்த மூன்று தட்டுகள்.

இப்போது ஞாயிறுகளில் சேர்ந்து ஆடுகிறோம். பேசுகிறோம், சிரிக்கிறோம். எந்தத் தட்டை எடுக்கட்டும் என்று மட்டும் அவள் என்னிடம் கேட்பதில்லை.