பச்சைத் தேயிலைச் சுருள் கேக்கும் என் கம்பளிச் சட்டையும்

ஒரே கேக்கை ஆறு தரம் ஒத்திகை பார்த்த ஆள் இத்தாலியில் இந்தப் பலெர்மோ நகரத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கல்யாணத்துக்குக்கூட நான் இவ்வளவு ஆயத்தப்படவில்லை என்று கணவர் சொன்னார். அது சரிதான். கல்யாணத்தில் என்னை யாரும் கடித்துப் பார்த்து முடிவு சொல்லப்போவதில்லை.

பதினொரு வருடமாக ஒரு சிஞ்ஞோராவின், அதாவது ஒரு இத்தாலிய அம்மாவின், வீட்டில் வேலை செய்கிறேன். பெரிய பழைய வீடு. அறைக்கு அறை சலவைக்கல் தரை. அதைக் குனிந்தும் முழந்தாளிட்டும் துடைத்துத் துடைத்து என் முழங்கால்கள் இரண்டும் இப்போது படி ஏறும்போது சத்தம் போடுகின்றன. நின்றபடி செய்கிற ஒரு வேலை கிடைத்தால் போதும் என்று இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். நினைப்பதோடு சரி. யாரிடமும் கேட்கப் பயம்.

கேட்காமலே ஒன்று வந்தது. சிஞ்ஞோராவின் தம்பி மகள் கபோ சந்தைக்குப் பக்கத்து ஒழுங்கையில் ஒரு சின்னத் தேத்தண்ணிக் கடை திறக்க இருந்தார். பூப்போட்ட கோப்பையும் கேக்கும் வைக்கிற மாதிரியான கடை. சிஞ்ஞோராவின் பிறந்தநாளுக்கு நான் செய்த ஜாம் சுருள் கேக்கை அவர் சாப்பிட்டிருக்கிறார். ஒக்டோபர் மாதம் ஒரு நாள், நான் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து ஒரு சின்னத் தகரப்பேணியை என் கையில் வைத்தார். அவர் இத்தாலியனில் சொன்னதை எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

"ஜப்பான் பச்சைத் தேயிலைத் தூள். இதைப் போட்டு ஒரு சுருள் கேக் செய்து அடுத்த கிழமைச் சனிக்கிழமை நாலு மணிக்குக் கடைக்குக் கொண்டு வாரும். நல்லா வந்தால் காலமையிலை வந்து எனக்கு கேக் போடலாம். பெரிசா ஒண்டுமில்லை, சும்மா சாதாரணமா உடுத்திக்கொண்டு வாரும். சாப்பிட்டுக் கதைப்பம்."

சனிக்கிழமைக்கு ஒன்பது நாள் இருந்தது. அன்றைக்கே முட்டை வாங்கிவிட்டேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். யாராவது கேட்டால் ஊரில் சண்டை, இடப்பெயர்வு என்று சொல்லுவேன். அது பாதி உண்மை. மற்றப் பாதி, ஆண்டிறுதிச் சோதனை நடக்காமல் போனதில் எனக்கு வந்த நிம்மதி. அந்த நிம்மதியோடு நாற்பத்தாறு வயது வரைக்கும் வந்துவிட்டேன். இப்போது ஒரு கேக் வடிவத்தில் சோதனை வந்து நிற்கிறது.

முதலாவது கேக்கைச் சுருட்டும்போது நடுவால் பிளந்தது. இந்தக் கேக்கை மெல்லிய தகடாகச் சுட்டு, சூட்டோடு சூடாக ஒரு துணியில் கவிழ்த்து, துணியோடு சேர்த்துச் சுருட்டி ஆறவிட வேண்டும். பிறகு விரித்துக் கிறீம் பூசித் திரும்பச் சுருட்ட வேண்டும். சூடு கொஞ்சம் போனாலும் வெடித்துவிடும். இரண்டாவது, துணியோடு ஒட்டிக்கொண்டது. துணி வேறொன்றுமில்லை, கணவருடைய வேட்டி. எங்கள் வீட்டில் அதைவிட மெல்லிய துணி கிடையாது.

"இஞ்சேர், நான் கோயிலுக்குக் கட்டுற வேட்டியிலை முட்டை நாறுது" என்றார்.

"தோய்ச்சுப் போட்டிருக்கிறன்."

"தோய்ச்சும் நாறுது. அங்கை ஐயர் என்னை ஒரு மாதிரிப் பாக்கிறார்."

மூன்றாவது, உள்ளே குழைந்திருந்தது. நான்காவது நன்றாக வந்தது. புத்தியுள்ள பெண் அதோடு நிறுத்தியிருப்பாள். நான் அது தற்செயலாக வந்ததா என்று பார்க்க ஐந்தாவது செய்தேன். அதுவும் நன்றாக வந்தது. இரண்டு தரமும் தற்செயலாக இருந்தால்? வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆறாவதையும் செய்து, முதல் நாள் செய்த கேக்கோடு யாராவது சோதனைக்குப் போவார்களா என்று அதை மேல்வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டேன்.

பேணிக்குள் எவ்வளவு தூள் மிச்சம் என்று நான் அந்த ஒன்பது நாளும் எட்டிப் பார்க்கவேயில்லை. பார்க்கப் பயம். கரண்டியை விட்டு அள்ளுவதோடு சரி. சனிக்கிழமை காலை கரண்டி அடித்தகரத்தில் கிறீச்சென்று உரசியது. தட்டித் தட்டிப் பார்த்தேன். ஒரு குழந்தைக்குப் பொட்டு வைக்கக் காணும். அவ்வளவுதான்.

"அவவுக்கு ஒருக்கா ரெலிபோன் எடுத்து இன்னும் கொஞ்சம் கேளுமன்" என்றார் கணவர்.

"கேட்டால் முதல் தந்தது எங்கையெண்டு கேப்பா."

"செய்து பழகினனான் எண்டு சொல்லும்."

"ஆறு தரமோ?"

அந்த எண்ணிக்கையை வெளியில் சொல்ல முடியாது என்று அவருக்கும் விளங்கியது.

கீழே கடையில் பச்சைத் தேயிலைப் பை வாங்கி, கத்தரித்துக் கொட்டி, கிரைண்டரில் போட்டு மாவாக அரைத்தேன். அது எங்கள் வீட்டில் வறுத்த மிளகாய்த்தூள் அரைக்கிற கிரைண்டர். அதை நான் மறக்கவில்லை. மறக்கிற ஆள் இல்லை நான். மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். பச்சையரிசி போட்டு இரண்டு தரம் அரைத்துக் கொட்டினேன். பிறகு கணவரையும் மகளையும் கூப்பிட்டு மணந்து பார்க்கச் சொன்னேன். மணமே இல்லை என்றார்கள். கேக்கைச் சுட்டு ஓரம் வெட்டியபோது மூன்று பேரும் தின்று பார்த்தோம். இனிப்பு, தேயிலைக் கசப்பு, வேறொன்றுமில்லை. நிறம் மட்டும் காய்ந்த மருதோன்றி மாதிரி இருந்தது.

இனி உடுப்பு. என் அலுமாரியில் இரண்டு வகைதான் உண்டு: தரை துடைக்கிற உடுப்பு, கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் கட்டுகிற சீலை. சாதாரணம் என்று இவர்கள் சொல்லுகிற அந்த நடுவில் ஒன்றும் இல்லை. அதனால் அந்தக் கிழமை வியா மக்வேதாத் தெருவில் கடைக் கண்ணாடிக் கண்ணாடியாக நின்று பார்த்திருந்தேன். தலையில்லாத பொம்மை ஒன்று கடுகு நிறத்தில் தடித்த கம்பளிச் சட்டை, நீலக் காற்சட்டை, கணுக்கால் வரைக்கும் சப்பாத்து, கழுத்தில் சால்வை என்று நின்றது. இலையுதிர்காலத்துக்குச் சாதாரணமாக உடுத்துவது எப்படி என்று அதற்குத் தெரியாமலா இருக்கும்? பொம்மைக்கு முன்னால் போன சனம் அரைக்கைச் சட்டையோடு ஐஸ்கிறீம் நக்கிக்கொண்டு போனது. நான் சனத்தை நம்பவில்லை. பொம்மையை நம்பினேன்.

சனிக்கிழமை மத்தியானம் நான் உடுத்திக்கொண்டு வெளியே வர மகள் ரெலிபோனிலிருந்து தலையை எடுத்தாள்.

"அம்மா, மலைக்கோ போறியள்?"

"ஒக்டோபர் பிள்ளை."

"வெளியிலை சிரோக்கோச் சூட்டுக்காத்து அடிக்குது. இருபத்தொன்பது பாகை. நோர்மாலே, சாதாரணமா உடுத்துங்கோ."

"இதுதான் நோர்மாலே. கடையிலை பாத்தனான்."

"சால்வையை எண்டாலும் கழட்டுங்கோ."

சால்வையைக் கழற்றிப் பையில் வைத்தேன். பஸ் தரிப்பிடத்தில் மனம் கேட்காமல் திரும்பக் கட்டிக்கொண்டேன்.

நாங்கள் இருக்கிற பிரான்காச்சோவிலிருந்து வருகிற பஸ்ஸில் ஆபிரிக்காப் பக்கத்துச் சூட்டுக்காற்று ஜன்னலால் நேரே முகத்தில் அடித்தது. மடியில் கேக் பெட்டி. பெட்டியைச் சுற்றி ஐஸ் கட்டிப் பைகள். கேக் குளிராக இருந்தது, நான் வெந்துகொண்டிருந்தேன். கம்பளி முதுகில் ஆயிரம் ஊசியாகக் குத்தியது. முன் இருக்கையில் இருந்த ஒரு கிழவி திரும்பி என்னைப் பார்த்தாள், பிறகு திரும்பவும் பார்த்தாள், பிறகு எழுந்து வந்து தன் விசிறியை என் கையில் தந்துவிட்டு டிரைவரிடம் போய் யாருக்கோ வருத்தம், மயங்கி விழப்போகிறார் என்று சொன்னாள். அது என்னைத்தான் என்று விளங்க எனக்கு ஒரு தரிப்பிடம் பிடித்தது. எனக்காகப் பஸ்ஸை நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்தில் மிச்ச வழி முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

கடைக்குள் பெயின்ற் மணம். தம்பி மகள் ரீசேர்ட்டும் செருப்புமாக நின்றார். அவரோடு கடையில் கூட்டுச் சேர்ந்திருக்கிற மனிதர் அரைக்காற்சட்டையோடு சுவரில் தட்டுப் பலகை அடித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"உமக்குக் குளிருதோ?" என்று கேட்டார் தம்பி மகள்.

"இல்லை."

"சரி."

கேக்கை வெட்டி ஆளுக்கொரு துண்டு எடுத்தார்கள். நான் அவர்கள் தாடைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கூட்டாளி ஒரு தரம் இருமினார். தண்ணீர் குடித்தார். திரும்ப இருமினார். தம்பி மகளின் கண் ஓரங்களில் தண்ணீர் நின்றது.

"இதுக்குள்ளை என்ன போட்டனீர்?"

எனக்கு உடனே விளங்கியது. கிரைண்டரில் மிளகாய் இருந்திருக்கிறது. எங்கள் வீட்டில் மூன்று மூக்கும் மூன்று நாக்கும் அதிலேயே ஊறிக் கிடந்ததால் ஒன்றுக்கும் தெரியவில்லை.

கூட்டாளி நல்ல மனிதர். "மிளகாயும் பச்சைத் தேயிலையுமோ? வேணுமெண்டே போட்டதோ?" என்று கேட்டார். எனக்கு ஒரு வாசலைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். ஆனால் பயந்தவளுக்குப் பொய் சொல்லவும் ஒரு துணிவு வேண்டும். நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்: பேணி முடிந்தது, தேயிலைப் பை, கிரைண்டர், பச்சையரிசி, மூன்று தரம் கழுவியது. கணவருடைய வேட்டியைக்கூடச் சொன்னேன். அதை அவர்கள் கேட்கவேயில்லை.

"ஒரு பேணி முடியிற அளவுக்கு எத்தினை தரம் செய்தனீர்?"

"ஆறு."

தம்பி மகள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கேக்கின் மிச்சத்தைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார்.

"இதை நான் விக்கேலாது."

"ஓம்" என்றேன். பெட்டியை மூடக் கையை நீட்டினேன். என் முழங்கால்கள் திரும்பவும் அந்தச் சலவைக்கல்லுக்குப் போவதற்குள் எப்படியாவது அழாமல் பஸ் ஏறிவிட வேண்டும்.

அவர் சுவர்த் தட்டிலிருந்து இன்னொரு பேணியை எடுத்து மேசையில் வைத்தார். "இஞ்சை செய்யும். இப்ப."

"இந்த ஓவனிலை நான் ஒரு நாளும் செய்யேல்லையே."

"நானும் செய்யேல்லை. போன கிழமைதான் வந்தது."

கம்பளிச் சட்டையைக் கழற்றினேன். அடியில் கணவருடைய பழைய ரீசேர்ட். இப்போதுதான் அந்தக் கடையில் மூன்று பேரும் ஒரே பருவகாலத்தில் நின்றோம்.

முட்டை, சீனி, மா. வெள்ளைக்கருவை அடித்துக்கொண்டிருக்கும்போது பயப்பட நேரம் இருக்கவில்லை. விட்டால் அது தண்ணியாகிவிடும். அந்த ஓவன் என்னுடையதைவிட உக்கிரமானது. ஒன்பதாவது நிமிடமே ஓரம் சிவந்துவிட்டது. இழுத்தெடுத்து அவர்கள் தந்த துணியில் கவிழ்த்துச் சுருட்டினேன். ஆறி விரித்துக் கிறீம் பூசித் திரும்பச் சுருட்டும்போது ஒரு இடத்தில் விரல் நீளத்துக்கு வெடித்தது. வெடித்த பக்கத்தை அடியில் போட்டுத் தட்டில் வைத்தேன்.

"அடியிலை ஒளிச்சதைக் கண்டனான்" என்றார் தம்பி மகள்.

"வெடிச்சுப்போச்சு."

"கடையிலையும் அப்பிடித்தான் வைக்கிறது." ஒரு துண்டு வெட்டித் தின்றார். கூட்டாளி தண்ணீர்ப் போத்தலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தின்றார். பிறகு போத்தலைத் தொடாமலே இரண்டாவது துண்டு எடுத்தார்.

"திங்கள், புதன், வெள்ளி. காலமை ஏழு மணி" என்றார் தம்பி மகள். "வாற மாதம் கடை திறக்கிறம், அப்ப துவங்குவம்."

"உண்மையாவோ?"

"ஓம்."

"வடிவா யோசிச்சுத்தான் சொல்லுறியளோ?"

"யோசிச்சுத்தான்."

"அந்த முதலாவது கேக்கையும் நினைச்சுத்தான்..."

"இன்னொருக்காக் கேட்டால் எனக்கே சந்தேகம் வந்திடும்."

அப்போது அவருடைய முகத்தில் ஒரு மாற்றம். கரண்டியைக் கீழே வைத்தார்.

"அந்த மூண்டு காலமையும் நீர் மாமி வீட்டிலை அல்லோ? மாமிக்கு ஆர் சொல்லுறது?"

"நீங்கள் சொல்லுங்கோ. உங்கடை மாமி."

"என்னைக் கொலை செய்துபோடுவா. பதினொரு வருசமா அவவோடை இருக்கிறது நீர். உமக்குத்தான் பக்குவம் தெரியும்."

இவ்வளவு படித்த, கடை திறக்கிற, செருப்போடு நிற்கிற ஒரு பெண் தன் நகத்தைக் கடித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு அவர்மேல் பெரிய பிரியம் வந்துவிட்டது. வெடித்த துண்டை ஆளுக்குப் பாதியாகத் தின்றபடி, சிஞ்ஞோரா என்ன சொல்லுவார், அதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று அரை மணித்தியாலம் பேசிப் பார்த்தோம். அந்த வேலையில் நான் அவருக்குச் சொல்லிக் கொடுக்கிற நிலையில் இருந்தேன். கடைசியில் இரண்டு பேருமாகப் போவதென்று முடிவாயிற்று.

திங்கட்கிழமை காலை சிஞ்ஞோராவின் வாசலில் தம்பி மகள் எனக்கு ஒரு அடி பின்னால் நின்றார். மணியை நான் அடித்தேன்.