வெளிப்பக்கம் திறக்கும் கதவு

பாண்டிச்செல்வி சேவுக் கொட்டகை கட்டியபோது இரண்டு அறைக்கும் பெரிய பெரிய கதவாக வைத்தாள். ஒன்றுக்கும் தாழ்ப்பாள் இல்லை. பகலெல்லாம் கல் முட்டுக்கொடுத்துத் திறந்தே கிடக்கும்.

“திருடன் வந்தா வரவேற்கவா தாயி?” என்று கேட்டார் தச்சர் தங்கப்பாண்டியன்.

“திங்க வாறவன் தின்னுட்டுப் போறான். உள்ள இருக்கவ வெளிய வரணும்ல.”

ஏன் என்று அவருக்குத் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன் ஒரு மழைநாளில், பட்டாசு ஆலையில் மருந்தில் ஈரம் ஏறிவிடும் என்று கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்த்தவர்களில் அவள் கணவன் காளீஸ்வரனும் ஒருவன். உள்பக்கமாக இழுத்துத் திறக்கிற கதவு அது. மருந்து வெடித்தபோது இழுக்க நேரம் இருக்கவில்லை.

அதன்பின் அவள் பட்டாசு ஆலைப் பக்கம் போகவில்லை. சாத்தூரில் ஒரு மிட்டாய்க்கடையில் வேலைக்குச் சேர்ந்து சேவு போடக் கற்றாள். வெம்பக்கோட்டைக்குத் திரும்பி வந்து, ஆலைக்குப் போய்க்கொண்டிருந்த நான்கு பெண்களை வீடு வீடாகப் போய் அழைத்தாள்.

“எனக்குக் கூலியாள் வேண்டாம். ரெண்டு வருஷம் கூட நின்னு கத்துக்கோங்க. பெறகு அவுகவுக வீட்டுல தனி அடுப்புப் போடுங்க. லைசென்சுக்கு நானே கூட வாறேன்.”

முதலில் வந்தவள் சின்னத்தாய், காளீஸ்வரனின் அக்கா. கரண்டியில் மாவைத் தேய்க்கவே முதல் வாரம் ஆலைப் பழக்கத்தில் எல்லோருக்கும் கை கூசியது. “கம்பெனியில தேய்ச்சா ஆபத்து, இங்கன தேய்ச்சாத்தான் சோறு. நல்லாத் தேயிங்கடி!” என்று சின்னத்தாய்தான் சிரிக்க வைத்தாள்.

அந்த ஐப்பசியில் முதல் பெரிய ஆர்டர் வந்தது. சிவகாசியில் அச்சகம் நடத்தும் லட்சுமிகாந்தம் அம்மாள், தன் ஆட்களுக்குத் தீபாவளிக்குக் கொடுக்க முந்நூறு பாக்கெட் கேட்டிருந்தார். பத்துப் பாக்கெட்டை முன்னதாக அனுப்பினார்கள். மறுநாள் அவரே காரில் வந்து ஒன்றைப் பிரித்து நீட்டினார்.

“கடிச்சுப் பாரு செல்வி. சத்தம் வருதா?”

வரவில்லை. சேவு நமத்துப் போயிருந்தது.

“நாளன்னைக்குக் காலையில எனக்குச் சரக்கு வேணும். முடியாட்டி இப்பவே சொல்லிரும்மா, வேற இடத்துல பாத்துக்கிடுதேன். கோவமெல்லாம் இல்ல.”

“முடியும்மா” என்றாள் பாண்டிச்செல்வி. எப்படி என்று அவளுக்கே தெரியவில்லை. இந்த ஆர்டர் கைவிட்டுப் போனால், இந்த நால்வரும் தீபாவளி கழிந்ததும் பழையபடி ஆலைக்குத்தான் போவார்கள்.

கார் போனது. திறந்த கதவு வழியே தூறல் பாக்கெட் போடும் மேசைவரை அடித்துக்கொண்டிருந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

“கதவைச் சாத்தணும் தாயி” என்றாள் சின்னத்தாய்.

“மதினி, நீங்களா சொல்றீக?”

“நாந்தேன். எந்தம்பிக்கு உன்னைய விட நான் கொறச்சலாவா அழுதேன்? அங்கன இருந்தது மருந்து. இது மாவு.”

பாண்டிச்செல்வி அடுப்பு இருந்த அறையைப் பார்த்தாள். அதன் கதவுகளை யார் சொன்னாலும் சாத்த மாட்டாள். பாக்கெட் போடும் அறையில் நெருப்பு இல்லை. தங்கப்பாண்டியனுக்குப் போன் போட்டாள்.

“அண்ணாச்சி, ஒரு கதவை வெளிப்பக்கம் திறக்கிறாப்ல மாத்திப் போடணும். இன்னைக்கே.”

“மழையில ஊறிப்போகுமே தாயி.”

“ஊறட்டும். உள்ளயிருந்து தள்ளுனாத் திறக்கணும்.”

பொழுது சாய்வதற்குள் கீலை மாற்றிப் பூட்டிவிட்டார். அவள் தனியாக உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தள்ளினாள்; திறந்தது. மறுபடியும் சாத்தி, மறுபடியும் தள்ளினாள். மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு தள்ளினாள். பிறகு மற்றவர்களை உள்ளே கூப்பிட்டாள். எப்போதும் வாசலை ஒட்டியே நிற்கிறவள், அன்று கதவுக்கு எட்டத்தில், மூலையில் போய் உட்கார்ந்து புதிதாகப் போட்ட சேவை அள்ளத் தொடங்கினாள்.

சொன்ன நாளில் முந்நூறு பாக்கெட்டையும் பாண்டிச்செல்வியே அச்சகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தாள். லட்சுமிகாந்தம் அம்மாள் ஒன்றைப் பிரித்துக் கடித்தார். அறை முழுக்கக் கேட்டது. “பொங்கலுக்கும் நீயே போடு” என்றார்.

இரண்டு வருஷம் கழித்து, நால்வரில் ஒருத்தியான கருப்பம்மாள் ஆனைக்குட்டத்தில் தனி அடுப்புப் போட்டாள். பார்க்கப் போன பாண்டிச்செல்வி புது எண்ணெய்ச்சட்டியையும் பார்க்கவில்லை, லைசென்சையும் கேட்கவில்லை. நேரே உள்ளே போய், சாத்தியிருந்த கதவை ஒற்றை விரலால் தள்ளினாள். அது வெளிப்பக்கமாகத் திறந்துகொண்டது.

“போதுமாக்கா?” என்றாள் கருப்பம்மாள்.

“ம். இப்ப அடுப்பைப் பத்தவை.”