முப்பதாவது ஜுஸ்வு

என் வீட்டுக்காரருக்கு முடி வெட்டத் தெரியும், அடுத்தவர் பேச்சைக் கேட்கத் தெரியாது. கல்யாணமாகி இருபத்தாறு வருஷமாகச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். இந்த நோன்பு மாதத்தின் முதல் நாளே சொன்னேன்.

“குர்ஆன்ல தினம் ஒரு ஜுஸ்வுன்னு வச்சுக்காதீங்க. கொஞ்சம் கூடவே ஓதிடுங்க. இருபத்தொன்பதுலயே பிறை தெரிஞ்சு, அந்தச் சாயங்காலமே மாசம் முடிஞ்சிட்டா என்ன பண்ணுவீங்க?”

“முப்பது ஜுஸ்வு, முப்பது நோன்பு. சரியா வரும்,” என்றார்.

சரியாக வருமாம். பிறை என்ன இவர் கடை வாடிக்கையாளரா, இவர் சொன்ன நாளைக்கு வந்து நிற்க?

கண் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷமாக அவருக்குக் கண்ணில் புரை. என்னிடம்கூட மூச்சு விடவில்லை. வீட்டு முன்கட்டில் இருக்கும் கடையில் விரலால் தடவித் தடவியே முடி வெட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரரின் காது மடலை நறுக்கிவிட்டார். அவர் துண்டை உதறிப் போட்டுவிட்டுப் போனவர்தான், அப்புறம் இந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. அவரைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். சாயங்காலத்தில் இவர் காலி நாற்காலியில் தானே உட்கார்ந்து, எதிரே கண்ணாடியில் சரியாகத் தெரியாத தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நோன்புக்குப் பத்து நாள் முன்னால் வலது கண்ணில் ஆபரேஷன் நடந்தது. கட்டைப் பிரித்ததும் சுவர்க் காலண்டரின் அடியில் இருந்த பொடி எழுத்தைக்கூட வாசித்துக் காட்டினார். நர்ஸ் முன்னாலேயே நேர்ந்துகொண்டார். இந்த நோன்பு மாதம் முடிவதற்குள் முப்பது ஜுஸ்வையும், அதாவது குர்ஆன் முழுவதையும், இந்தக் கண்ணால் பார்த்து ஓதி முடிப்பாராம்.

எனக்குப் பகீரென்றது. நான் சின்ன வயதிலேயே ஓதக் கற்றவள், ஒரு ஜுஸ்வை முக்கால் மணி நேரத்தில் முடிப்பேன். இவர் பத்து வயதில் கத்திரி பிடித்தவர். நாற்பதுக்கு மேல்தான் அரபு எழுத்துக் கூட்டிப் படிக்கவே ஆரம்பித்தார். விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாக நகர்வார். இரண்டரை மணி நேரம் ஆகும். தப்பு விட்டால் நான் அடுக்களையிலிருந்து திருத்த வேண்டும். திருத்தினால் கோபம் வரும். திருத்தாவிட்டால், “தூங்கிட்டியா?” என்பார்.

கடையில் வைத்து ஓதவும் முடியாது, உடம்பெல்லாம் முடி. குளித்து, சட்டை மாற்றி, முகம் கை கால் கழுவி ஒளு செய்த பிறகுதான் குர்ஆனைத் தொடுவார். அதனால் தினமும் இரண்டு தடவை குளியல், துவைக்க எனக்கு ஒரு மூட்டைத் துணி. இடையில் கண்ணுக்குச் சொட்டு மருந்து வேறு. அது நோன்பை முறிக்குமா என்று கேட்டுக் கேட்டுப் பள்ளிவாசல் ஹஸ்ரத்தை ஒரு வழி பண்ணிவிட்டார். பாவம், அந்த மனுஷனும் முறியாது என்று மூன்று தடவை சொன்னார்.

இருபத்தொன்பதாவது நோன்பு அன்று விடிந்ததும் கடையில் கூட்டம். பெருநாளைக்குள் எல்லோருக்கும் தலை சீராக வேண்டுமே. இருபத்தொன்பதாவது ஜுஸ்வைப் பாதி விடியலிலும் பாதி மதியமும் ஓதி முடித்தார். பிற்பகலில் அஸர் தொழுதுவிட்டுக் கடையைச் சாத்தினார். குளித்தார். என் நச்சரிப்பு தாங்காமல் முப்பதாவது ஜுஸ்வையும் அன்றைக்கே விரித்து வைத்தார். ஒரு வரி தாண்டவில்லை, கதவு தட்டும் சத்தம். போய்த் திறந்தால் மருந்துக்கடைக்காரர் நிற்கிறார்.

“தங்கச்சி, உங்க வீட்டுக்காரர் இருக்காரா? முடி வெட்டணும்.”

இரண்டு வருஷம் வராத மனுஷனுக்கு இன்றைக்குத்தானா வழி தெரிய வேண்டும்? “கடை சாத்தியாச்சுண்ணே. அவர் ஓதிட்டிருக்கார்,” என்று முகத்தில் அடித்த மாதிரி சொன்னேன்.

அதற்குள் இவர் எழுந்து வந்துவிட்டார். “வாங்கண்ணே, உட்காருங்க,” என்று கடைக்குள் அனுப்பினார். நான் கையைப் பிடித்து இழுத்தேன்.

“நேர்ச்சை என்ன ஆகுறது?”

“காதை வெட்டினவன்கிட்டயே காதைக் கொண்டுவந்து குடுக்குறார். போன்னு சொல்லவா?” என்றார். “வானத்தைப் பாரு, ஒரே மேகம். பிறை எங்க தெரியப்போகுது? நாளைக்கும் நோன்புதான். காலையில முடிச்சிடுறேன்.”

காதோரத்துக்கு மட்டும் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். முடிந்ததும் மருந்துக்கடைக்காரர் காதைத் தொட்டுப் பார்த்து, “இருக்கு,” என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதற்குள் பாங்கு சொல்லிவிட்டார்கள். பேரீச்சம்பழமும் தண்ணீருமாக மூன்று பேரும் நோன்பு திறந்துவிட்டு மொட்டை மாடிக்கு ஏறினோம். மேற்கே மேகம் அப்பிக்கிடந்தது. மருந்துக்கடைக்காரர் பள்ளிவாசலுக்குப் போன் செய்தார். எங்கிருந்தும் யாரும் பார்த்ததாகச் சேதி இல்லை. ஊரே பிறையைத் தேடுகிறது, நான் ஒருத்தி மட்டும் இந்த மேகம் விலகவே கூடாது என்று துஆ கேட்டுக்கொண்டிருந்தேன். பாவம்தான். ஆனாலும் கேட்டேன்.

பிறகு இவரைப் பார்த்தேன். அசையாமல் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இருபத்தாறு வருஷம் பார்த்த முகம், எனக்குத் தெரியாதா? அங்கே மேகம் கொஞ்சம் விலகியிருந்தது. என் கண்ணுக்கு ஒன்றும் படவில்லை. மருந்துக்கடைக்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சட்டையைப் பிடித்து இழுத்து அவர் காதில் சொன்னேன். “பேசாம இருங்க. வேற யாரும் பாக்கல. நாளைக்கு ஒரு நாள் கிடைக்கும்.”

என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் கையைத் தூக்கினார்.

“அண்ணே, இங்க வாங்க. அந்தத் தண்ணித் தொட்டிக்கு வலது பக்கம், ரெண்டு விரல் மேல.”

மருந்துக்கடைக்காரர் கண்ணை இடுக்கிப் பார்த்தார். “ஆமா தம்பி. ஆமா, நகம் மாதிரி தெரியுது,” என்றார். சாட்சி சொல்ல இரண்டு பேரும் பள்ளிவாசலுக்கு ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் மைக்கில் நாளைக்குப் பெருநாள் என்று அறிவித்தார்கள். தெருவெல்லாம் சத்தம், சிரிப்பு. நான் விரித்து வைத்த குர்ஆன் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

அவர் திரும்பி வந்ததும் அடக்க முடியவில்லை. “வாயை மூடிட்டு நின்னிருந்தா என்ன? ஒரே ஒரு ஜுஸ்வு. ஒரு மாசமா உயிரைக் குடுத்து ஓதிட்டு, இப்படிக் கோட்டை விட்டுட்டீங்களே.”

அவர் அந்தப் பக்கத்தில் அடையாள நூலை வைத்துக் குர்ஆனை மூடினார்.

“பாத்துட்டு, பாக்கலைன்னு சொல்லவா இந்தக் கண்ணைக் கேட்டேன்?”

வருஷம் தவறாமல் முப்பது ஜுஸ்வையும் ஓதி முடிப்பவள் நான். மொட்டை மாடியில் பேசாம இருங்க என்று சொன்னவளும் நான்தான்.

அதற்காக ஆத்திரம் அடங்கிவிட்டது என்று நினைக்காதீர்கள். நேர்ச்சை தவறினால் என்ன செய்வது என்று ஹஸ்ரத்திடம் கேட்டுவிட்டே வந்திருக்கிறார். மிச்சத்தை ஓதி முடித்துவிட்டுப் பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு போட வேண்டுமாம். சமைக்கப்போவது யார்?

கடை வாசலில் மறுபடியும் கூட்டம் சேர்ந்துவிட்டது. ராத்திரிக்குள் இருபது தலையாவது இருக்கும். அவர் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

“மருந்து விடணும், உட்காருங்க,” என்றேன்.

உட்கார்ந்து தலையை அண்ணாந்து காட்டினார். இமையை விலக்கினேன். நான் மருந்து விடுவதற்கு முன்பே அந்தக் கண் நிறைந்திருந்தது. முந்தானையால் ஒற்றி எடுத்துவிட்டு ஒரு சொட்டு விட்டேன்.