லோட் இல்லாத ஆட்டம்

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தது மூன்று பேர். நான், தங்கச்சி, அப்புறம் எங்களோடு தங்கி, பக்கத்து ஊரான மேருவில் நாற்காலி செய்யும் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்வரும் மாமா மகன். அப்பா இல்லை, கிள்ளான் துறைமுகத்தில் சரக்கு ஏற்றிக்கொண்டு ஸ்ரீ கெம்பாங்கானுக்கு லோரி ஓட்டிப் போயிருந்தார். அம்மாவும் இல்லை, மாதா கோயிலில் காலைப் பூசைக்குப் போனவர் அப்படியே அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்துக்கும் போயிருந்தார்.

இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கம்ப்யூட்டருக்குள் இருந்தவர்கள் கணக்கு வேறு. அங்கே அம்மா இருந்தார், மாமா மகன் இருந்தான், நானும் இருந்தேன். அப்பா அங்கேயும் இல்லை, தங்கச்சியும் இல்லை.

அது படை நடத்தும் விளையாட்டு. ஐந்தாறு வீரர்களை எதிரி பிடித்து வைத்திருக்கும் ஒரு நகரத்தில் இறக்கிவிடுவார்கள். நம் ஆட்களை நாம் ஒவ்வொருவராக நகர்த்தி முடித்ததும், எதிரி அவன் ஆட்களை நகர்த்துவான். சதுரங்கம் மாதிரிதான். ஆனால் சதுரங்கத்தில் குதிரை வெட்டினால் வெட்டியதுதான். இங்கே சுட்டால் படுமா என்பதே நிச்சயமில்லை. எண்பது விழுக்காடு படும் என்று திரை சொல்லும். குண்டு சுவரில் போய் மோதும். செத்த வீரன் அடுத்த சண்டைக்கு வரமாட்டான். அதற்காகத்தான் சேவ் என்று ஒன்று இருக்கிறது. சண்டைக்கு முன்னால் ஆட்டத்தைச் சேவ் பண்ணி வைத்துக்கொண்டால், யாராவது செத்ததும் லோட் பண்ணி, எதுவுமே நடக்காத இடத்துக்குத் திரும்பிப் போய்விடலாம்.

நான் அப்படித்தான் ஆடுவேன். ஒரு ஆளுக்குக் கையில் சிராய்ப்பு என்றாலும் லோட். குண்டு படவில்லையா, லோட். என் படையில் ஒருவர்கூடச் சாகாமல் அந்த ஆட்டத்தை மூன்று தடவை முடித்திருக்கிறேன்.

இந்தப் பழக்கம் எனக்கு விளையாட்டில் வந்ததில்லை. எங்கள் வீட்டில், பள்ளியின் கடைசிப் படியான ஆறாம் படிவம் தாண்டிப் பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள் நான். கேரி தீவின் தோட்டப் பள்ளியோடு அப்பாவின் படிப்பு நின்றுவிட்டது. அம்மாவுக்கு அதுவும் இல்லை. எனக்குப் பரீட்சை என்றால் வீட்டில் டிவி ஓடாது. மேல் மாடிக்காரர்களிடம் போய் அம்மா நாற்காலியை இழுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வருவார். இத்தனை பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கும்போது தப்பு பண்ண எப்படி மனசு வரும்? விடைகளை முதலில் பென்சிலில் எழுதுவேன். சரிபார்த்துவிட்டு, மேலே பேனாவால் எழுதுவேன். ஒரு தடவை நேரம் போதாமல் கடைசிப் பக்கத்தைப் பென்சிலிலேயே கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

லோட் என்ற சொல் எங்கள் வீட்டில் வேறு அர்த்தத்தில் புழங்கிய சொல். அப்பாவுக்கு நடைக்கு இவ்வளவு என்று சம்பளம். ஒரு நடை ஒரு லோட்டு. வேலை முடிந்து வருகிறவர், அறைக்குள்ளிருந்து நான் “லோட் பண்றேன், லோட் பண்றேன்” என்று முனகுவதைக் கேட்டுவிட்டு, காலுறையைக் கழற்றிக்கொண்டே கேட்பார்.

“இன்னைக்கி எத்தன லோட்டுடா?”

“பதினேழுப்பா.”

“பரவால்லயே. நான் மூணுதான்.”

தங்கச்சி ஆட வந்தது போன வருடம், அவள் ஆறாம் படிவப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தபோது. என் தோளுக்குப் பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“அண்ணே, அந்த ஆளு இப்பத்தான செத்தாரு?”

“லோட் பண்ணிட்டேன்.”

“அப்ப யாருமே சாகவே மாட்டாங்களா?”

“நான் ஆடினா சாக மாட்டாங்க.”

“அப்ப எதுக்குச் சுடுறாங்க?”

“நீ ஆடிப் பாரு, தெரியும்” என்று எழுந்துகொண்டேன்.

அவள் ஆடத் தொடங்கிய அன்றே ஒரு சட்டம் போட்டாள். லோட் கிடையாது. அடுத்த நாள் விட்ட இடத்திலிருந்து தொடர மட்டும்தான் சேவ். நடந்தது நடந்ததுதான். அவள் பாஷையில், போனா போச்சு. முதல் இரண்டு ஆட்டமும் பாதியிலேயே படை மொத்தமும் செத்து நின்றுபோக, மூன்றாவதில் இன்னொன்றும் செய்தாள், அதுதான் வினையாகப் போனது. வீரர்களுக்கு நமக்குப் பிடித்த பெயரை வைக்கலாம். நான் எப்போதும் கம்ப்யூட்டர் கொடுத்த பெயரையே விட்டுவிடுவேன். அவள் வீட்டு ஆட்களை வைத்தாள். பெயர் இல்லை, முறை. பெரிய துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு மெதுவாக நடப்பவர் அப்பா. கூரைமேல் ஏறித் தூரத்திலிருந்து குறிபார்த்துச் சுடுபவர் அம்மா. மருந்துப் பை வைத்திருப்பவன் அண்ணன், அதாவது நான். குண்டு வீசுபவன் மச்சான்; நான் மாமா மகனை அப்படித்தான் கூப்பிடுவேன். புதிதாகச் சேரும் வீரருக்கு உடனே முறை வைக்கமாட்டாள். இரண்டு சண்டை தாண்ட வேண்டும். அதுவரை எல்லாரும் புதுசு.

“நீ எங்க?” என்று கேட்டேன்.

“நான் உள்ள போயிட்டா ஆர்டர் குடுக்கறது யாரு?”

அப்பா சீக்கிரமே செத்துப்போனார். ஒரு எண்ணெய்க் கிடங்கில் தப்பான சுவருக்குப் பின்னால் நிறுத்திவிட்டாள். “லோட் பண்ணு பாப்பா, அது அப்பா” என்று நான் பதறினேன். அவள் அசையவில்லை. அடுத்த ஆளை நகர்த்தினாள். அன்று மாலை நிஜ அப்பா வந்ததும் வழக்கம்போலக் கேட்டார்.

“எத்தன லோட்டு?”

“லோட்டே இல்லப்பா” என்றாள் தங்கச்சி.

“அப்ப சம்பளமும் இல்ல” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். அவள் அவருக்கு மைலோ கலக்கிக்கொண்டு போய்க் குளியலறை வாசலிலேயே நின்றதை நானும் மாமா மகனும் பார்த்துச் சிரித்தோம்.

ஆனால் அன்றிலிருந்து நான் ஆடுவதை விட்டுவிட்டு அவள் ஆடுவதைப் பார்க்கத் தொடங்கினேன். தலைநகரத்துப் பிரிக்பீல்ட்ஸில் எனக்கு வேலை. சாயங்காலம் கிள்ளான் ரயிலில் நின்றபடி வரும்போது, இன்று யார் மிஞ்சியிருப்பார்கள் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருப்பேன். நான் மூன்று தடவை கடந்த அதே தெருக்கள், அதே பாலம். ஆனால் அவற்றை இப்படி நான் பார்த்ததே இல்லை. அப்பா இல்லாததால் அவள் பெரிய கதவுகளை உடைக்க முடியாமல், சாக்கடை வழியாகப் போக வேண்டியிருந்தது. அந்த ஆட்டத்தில் சாக்கடை வழி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. கை உடைந்த ஒரு புதுசு, ஆள் பற்றாக்குறையில் சண்டைக்கு வந்து, ஒற்றைக் கையால் சுட்டு ஊரையே காப்பாற்றியது. என் படையில் கை உடைந்தவனே கிடையாது. உடைந்தவனால் என்னென்ன முடியும் என்று நான் கண்டதும் கிடையாது.

பரீட்சை முடிவு வந்தது. கடல் தாண்டிக் கூச்சிங்கில் ஒரு கல்லூரியில் தாதியர் படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்தது. திங்கட்கிழமை விமானம். கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. கடைசிச் சண்டை மட்டும் பாக்கி.

“முடிச்சிட்டுத்தான் போவேன்” என்றாள். “இதுக்கு முன்னாடி ரெண்டு தடவ பாதியிலயே மொத்தப் படையும் போச்சு. ஒரு ஆட்டத்த மட்டுமாவது முழுசா, லோட் இல்லாம முடிக்கணும்.”

“தோத்துட்டா?” என்றான் மாமா மகன்.

“தோத்துட்டேன்னு சொல்லிட்டுப் பிளேன் ஏறுவேன்.”

இப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. கூடத்தில் அவள் பெட்டி பாதி அடுக்கியபடி திறந்து கிடந்தது. எதிரியின் கோபுரத்தில் ஒரு இயந்திரம். அதை உடைத்தால் ஆட்டம் முடியும். தங்கச்சி பிளாஸ்டிக் நாற்காலியில் கால் மடக்கி உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில். மாமா மகன் சோபாவில் படுத்துக்கொண்டு கமெண்ட்ரி சொல்லிக்கொண்டிருந்தான்.

“என்னைய ஏன் பின்னாடியே வச்சிருக்க? குண்டு இருக்குல்ல என்கிட்ட.”

“நீ வீசினா நம்ம ஆளுங்க மேலதான் விழுது. பேசாம படு.”

“பாத்தீங்களா மச்சான், இவ்ளோ வாய். கூச்சிங்ல நோயாளிங்க நெலமைய நெனச்சா பாவமா இருக்கு.”

கூட வந்த புதுசு முதல் தளத்திலேயே செத்துப்போனது. அம்மாவைக் கூரைக்கு ஏற்றினாள். அங்கிருந்து இயந்திரம் நேராகத் தெரிந்தது. அடுத்த முறை சுட வேண்டியதுதான் பாக்கி. அதற்குள் எதிரியின் முறை வந்தது. எங்கிருந்தென்றே தெரியவில்லை, ஒரே குண்டு. அம்மா மல்லாக்க விழுந்தார். சாகவில்லை. இரத்தம் போய்க்கொண்டிருக்கிறது, மூன்று முறைக்குள் யாராவது போய் மருந்து போடாவிட்டால் சாவார் என்று திரை சொன்னது.

மருந்துப் பை என்னிடம். நான் கோபுரத்துக்குக் கீழே, நல்ல கெட்டியான சுவருக்குப் பின்னால் இருந்தேன். கூரைக்குப் போகும் படிக்கட்டு முழுக்கத் திறந்தவெளி. அதைப் பார்த்தபடி ஒரு எதிரி, யார் அசைந்தாலும் சுடுவதற்குத் தயாராக நின்றான்.

தங்கச்சி மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள். அப்பா செத்தபோதுகூட எடுக்காத கை.

“பாப்பா” என்றேன் மெல்ல. “காலைல சேவ் பண்ணினது இருக்கு. ஒரே ஒரு தடவ. யாருக்கும் தெரியாது.”

“எனக்குத் தெரியுமே.”

மாமா மகனும் எழுந்து உட்கார்ந்துவிட்டான். “ஒரு தடவதான லா. நாளைக்கு ஊருக்குப் போற பொண்ணு” என்றான். கிண்டலாகச் சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. அம்மா. பூசைக்குக் கட்டிய சேலையோடு, கையில் கோயில் வாசலில் வாங்கிய நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்கள். மூன்று பேரும் திரையைப் பார்த்து உறைந்திருப்பதைக் கண்டு அருகில் வந்தார்.

“பசியாறலியா இன்னும்? யார் அது கீழ விழுந்து கெடக்கறது?”

தங்கச்சிதான் சொன்னாள். “நீதாம்மா.”

“நானா?” அம்மா குனிந்து பார்த்தார். “எனக்கு எதுக்குடி முடிய இவ்ளோ குட்டையா வெட்டி வச்சிருக்க?”

“சண்டையில நீட்ட முடி வேலைக்காவாதும்மா.”

“எந்திரிக்க மாட்டேனா?”

“அண்ணே வந்து மருந்து போட்டா எந்திரிப்ப. ஆனா வந்தா அண்ணனச் சுட்டுருவாங்க.”

அம்மா ஒரு கணம் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். “அப்ப அவன் அங்கயே இருக்கட்டும். நான் கொஞ்ச நேரம் படுத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டு, தட்டு எடுக்க அடுக்களைக்குப் போய்விட்டார்.

தங்கச்சி சிரித்தாள். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டு மவுஸைப் பிடித்தாள்.

“அண்ணே, சாரி.”

அவள் என்னைச் சுவரைவிட்டு வெளியே எடுத்தாள். நான் ஓடினேன். அதை வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. கிள்ளானில் ஒரு அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, திறந்த படிக்கட்டில் நான் ஓடுவதை நானே பார்த்தேன். முதல் குண்டு தவறியது. கூரையை அடைந்து, மண்டியிட்டு, பையைத் திறந்தேன். அம்மா எழுந்தார். எதிரியின் முறை வந்தது. இரண்டாவது குண்டு தவறவில்லை. நான் குப்புற விழுந்தேன்.

எனக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோயிலில் மணி அடித்து எல்லாரும் ஒரே நேரத்தில் முழங்கால் போடும்போது வருமே ஒரு அமைதி, அது வந்தது. இந்த விளையாட்டின் ஒவ்வொரு சந்தும் எனக்கு அத்துப்படி என்று நினைத்திருந்தேன். ஆனால் ஆள் விழுந்த நொடியோடு என் ஆட்டம் ஒவ்வொரு முறையும் நின்றுபோயிருந்தது. அதற்கு அடுத்த நொடி எப்படி இருக்கும் என்று நான் ஒரு தடவைகூட இருந்து பார்த்ததில்லை. அந்தக் கதவை நானே மூடி மூடி, மூடியதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருக்கிறேன். இவளோ கதவைத் திறந்தே வைத்திருந்தாள். உள்ளே இவ்வளவு இருக்கிறது.

அடுத்த நொடி இப்படி இருந்தது: நான் கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் அம்மா ஒரு காலை மடித்து உட்கார்ந்து, இயந்திரத்தைக் குறிபார்த்தார். அடிபட்ட ஆளுக்குக் குறி சரியாக வராது. நாற்பத்தொரு விழுக்காடு என்றது திரை. அதை வைத்துக்கொண்டு நான் ஒருநாளும் சுட்டிருக்கமாட்டேன்.

“சுடவா?” என்றாள் தங்கச்சி. யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை.

“சுடு” என்றான் மாமா மகன்.

அவள் பட்டனை அழுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அதனால் அதை அவள் பார்க்கவில்லை, நாங்கள்தான் பார்த்தோம். இயந்திரம் நடுவில் பிளந்து, உள்ளிருந்து வெள்ளையாக வெளிச்சம் கொட்டியது. அந்த வெளிச்சம் அவள் மூடிய இமைகளில் விழுந்தது. முடிவுக் காட்சியை நான் மூன்று தடவை பார்த்தவன். ஆனால் அதில் இத்தனை வெளிச்சம் இருந்ததாக ஞாபகமே இல்லை.

“நான் சும்மாவே நின்னேன் மச்சான், கவனிச்சீங்களா” என்றான் மாமா மகன். “ஒரு குண்டுகூட வீச விடல இவ.”

அடுக்களையிலிருந்து அம்மா கேட்டார். “முடிஞ்சிச்சா? நான் எந்திரிச்சனா?”

“எந்திரிச்சிட்டம்மா” என்றாள் தங்கச்சி. கண்ணைத் திறந்திருந்தாள். இசை அடங்கி, வெளிச்சமும் அடங்கி, திரை கறுப்பானது. ஆட்டம் முழுவதிலும் இறந்தவர்களின் பட்டியல் கீழிருந்து மெதுவாக ஏறி வந்தது. என் ஆட்டங்களில் அந்த இடம் வெறும் கறுப்பாகவே போய்விடும். அவள் நாற்காலியிலிருந்து காலைக் கீழே இறக்கி, நேராக உட்கார்ந்து, ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசித்தாள். மூன்று புதுசு, ஒரு அப்பா, ஒரு அண்ணன். மொத்தம் ஐந்து பேர்.