மகன் வானத்தில் இருந்த மூன்று நாள்

டொரோண்டோவில் ஏறினால் மதுரை வந்து சேர மூன்று நாள் ஆகும் என்று என் மகன் சொன்னபோது நான் நம்பினேன். எட்டாவது வரைதான் படித்திருக்கிறேன். இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி பேக்கிங் வேலை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து டவுன் பஸ்ஸில் போய் வருகிறவனுக்கு ஆகாயத்தின் தூரம் எப்படித் தெரியும்? ஆறு வருடம் கழித்துப் பெண்டாட்டியோடு வருகிறான். "நம்மூரு நேரத்துக்கு வியாழக்கிழமை காலம்பற ஏறுதோம்ப்பா. சனிக்கிழமை சாயங்காலந்தான் எறங்குவோம். அதுவரைக்கும் போன் வேலை செய்யாது" என்றான்.

என் மனைவிக்குச் சர்க்கரை வியாதி. இருந்தும், அவன் கால் தரையில் படும்வரை அன்னம் தொடுவதில்லை என்று மலைமேல் இருக்கும் பெருமாளை வேண்டிக்கொண்டாள். பயணத்தில் இருப்பவர் வந்து சேரும்முன் ஆகாது என்று வீட்டைப் பெருக்கவும் இல்லை. துளசித் தீர்த்தம் மட்டும் குடித்தாள். வெறும் வயிற்றில் கூடாது என்று மாத்திரையையும் விட்டாள்.

"ஒரு வாய் மோராவது குடி" என்றால், "அந்தரத்துல வாரான் புள்ள. எனக்கு எப்படி எறங்கும்?" என்பாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சுவரைப் பிடித்துத்தான் எழுந்தாள்.

சனிக்கிழமை காலை பேக்கிங் மேசையில் இதைச் சொல்லி வருத்தப்பட்டேன். பக்கத்தில் வேலை பார்க்கிறவன் கைப்பேசியில் தேடினான்.

"ஏன் அண்ணாச்சி, ஒங்க மகன் பிளேன்ல வாரானா, டவுன் பஸ்ல வாரானா? பதிமூவாயிரம் கிலோமீட்டரும் சொச்சமும். நடுவுல மாறி ஏறுனாலும் ஒரு நாளு. அம்புட்டுத்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்த வாய் மூடுமுன் பயம் வந்தது. விமானத்துக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து, வெளியே வந்து கோயம்புத்தூரில் இருக்கும் சம்பந்தியம்மாளுக்குப் போன் போட்டேன்.

"மாப்பிள்ளை தூங்கறாருங்க. நேத்து மத்தியானமே வந்துட்டாங்க. எழுப்பட்டுங்களா?"

"வேண்டாம்மா, தூங்கட்டும்" என்றேன்.

பஸ்ஸில் வரும்போது ஒரு பொய் தேடினேன். இப்போதுதான் இறங்கினான் என்று சொல்லலாம். ஆனால் அவன் குரலைக் கேட்காமல் அவள் சாப்பிடமாட்டாள். அவனைப் பேசவைத்தால் அந்தப் பொய்யில் நானும் பங்காளி. பெருமாள் பேரைச் சொல்லிப் பட்டினி கிடப்பவளிடம் எனக்கு அது முடியவில்லை. உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

அவள் அழவில்லை. "நேத்து மத்தியானமா?" என்று மட்டும் கேட்டாள். கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன். குடித்து, வாந்தி எடுத்தாள். மறுபடி கொடுத்தேன்.

சாயங்காலம், சொன்ன நேரத்துக்குப் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள்.

"அம்மா, இப்பத்தான் மதுரையில எறங்குனோம். இங்க ரூம் போட்டுத் தூங்கிட்டுக் காலையில வாரோம்."

"அப்படியா ராசா. பிளேன்ல சோறு போட்டாங்களா?"

"ஏதோ ரொட்டி. மூணு நாளும் அதான்."

"மூணு நாளும் உக்காந்தேவா வந்த? காலு வீங்கியிருக்குமே."

"ஆமாம்மா, ஒரே வலி."

அவள் விடவில்லை. ஜன்னலோரமா, குளிர் எப்படி, பக்கத்தில் யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவனும் அசராமல் பதில் சொன்னான். எனக்குக் காது கூசியது.

"இம்புட்டு அலுப்போட இங்க வராத ராசா. நேத்துலருந்து கோயம்புத்தூர்ல எங்க படுத்திருந்தியோ, அங்கனயே படுத்துக்கோ. பொறவு, எங்கள்ல ஒருத்தர் செத்தாலும் ஒனக்குச் சொல்லிவிட மாட்டோம். நீ வந்துசேர மூணு நாளாகும். பொணம் தாங்காது."

"அப்பாட்ட குடும்மா" என்றான். அவள் போனை என் பக்கம் நீட்டினாள். நான் வாங்கவில்லை.