கோவேறு கழுதை சுட்டு வீழ்த்திய விமானம்

ஷா லின்ஃபூ பொய் சொல்லத் தெரியாதவன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். யுன்னான் மலைப் பாதைகளில் கோவேறு கழுதைகள் மேல் உப்பு ஏற்றிப் பிழைத்தவன் அவன். சுங்கச்சாவடியில் உண்மை பேசினால் அந்தப் பிழைப்பு ஒரு மாதம் தாங்காது. ஆனால் அவன் சொன்ன பொய்களில் ஒன்று மட்டும் அவனை விடவில்லை.

ஜப்பான்காரன் குன்மிங் மேல் குண்டு போட்டுக்கொண்டிருந்த காலம். அவனை எதிர்க்க அமெரிக்காவிலிருந்து விமானிகள் சம்பளம் பேசி வந்திருந்தார்கள். சம்பளம் போக, எதிரி விமானம் ஒன்றை வீழ்த்தினால் ஐந்நூறு டாலர். உடைசலைக் கண்ணால் பார்த்தால்தான் அந்தக் காசு. உடைசலைக் காட்டும் ஊருக்கும் ஒரு சலுகை உண்டு. எந்த ஊர் எல்லையில் விமானம் விழுகிறதோ, அந்த ஊருக்கு அறுவடை முடியும்வரை ஓடுபாதை வேலை கிடையாது.

அதென்ன சின்னச் சலுகையா? ஓடுபாதை வேலைக்கு வீட்டுக்கு ஒரு ஆள் போக வேண்டும், கூலி இல்லாமல். ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் கல் உருளையைக் கயிறு கட்டி நூறு பேர் இழுப்பார்கள். கால் தடுக்கி விழுந்தவனுக்காக உருளை நிற்காது. லின்ஃபூ ராணுவத்துக்கு உப்பு சுமந்ததால், அவன் வீட்டுக்காகக் கயிறு பிடித்தவள் மனைவி குய்ஜென். அவள் வயிற்றில் பிள்ளை இருந்தது. முன்பு இரண்டு தங்கவில்லை.

அப்போதுதான் பக்கத்து ஊரான மேல்கணவாயில் ஒரு ஜப்பான் விமானம் விழுந்தது. நம் ஊரில் விழுந்து தொலைத்தால் என்ன என்று லின்ஃபூவுக்கு ஒரே வயிற்றெரிச்சல். விடிவதற்குள் நான்கு கழுதைகளை ஓட்டிப்போய், தனியாகக் கழன்று கிடந்த வாலைக் கயிறு போட்டு இழுத்துவந்து தன் ஊர்ச் சோளக்காட்டில் போட்டான். ஒரு விமானம் இரண்டாயிற்று.

வாலைப் பார்க்க வந்த விமானி பெயர் ஹாஸ்கெல். எங்கள் ஜனங்களுக்கு அவன் நெட்டையன். அவனுடைய பூட்ஸ் ஒவ்வொன்றும் ஒரு படகு. அந்த பூட்ஸால் சோளத்தை விலக்கி, வாலில் கிடந்த கயிற்றுத் தடத்தைப் பார்த்தான். மண்ணில் குளம்படியைப் பார்த்தான். பிறகு லின்ஃபூவைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். கூட வந்த மொழிபெயர்ப்பாளன் பான், சிரிக்காமல் சொன்னான்:

"உன் கழுதை நல்லா குறி பாத்துச் சுடுதாம். அதுக்கும் சம்பளம் போடச் சொல்லவான்னு கேக்கறாரு."

லின்ஃபூவுக்கு முகம் கறுத்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "சுடாம வெறுமனே வெரட்டிவிட்டா இவருக்கு எவ்வளவு குடுப்பாங்க, கேளுங்க."

நெட்டையன் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கையை விரித்தான்.

"ஒண்ணும் கெடையாதாம். விழுந்தாத்தான் காசாம்," என்றான் பான்.

நெட்டையன் யாரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை. அவன் பேரில் ஒரு விமானம் ஏறியது, எங்கள் ஊருக்கு விடுதலை கிடைத்தது. குய்ஜென் வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்தாள். மேல்கணவாய்த் தலைவர் தூ மட்டும் லின்ஃபூவை வழியில் பார்த்தால், "என்ன அண்ணே, அடுத்த வாலு எப்போ?" என்று குத்துவார். அவர் ஊருக்கும் அதே விடுதலைதான், ஆனால் ஓடுபாதையில் மகளைப் பறிகொடுத்த மனுஷர். அறுவடைக்குப் பிறகு மறுபடியும் கயிறு பிடிக்க வேண்டுமே என்று இப்போதே புலம்பிக்கொண்டிருந்தார்.

அறுவடை தொடங்கும் சமயம். லின்ஃபூ மலை முகட்டில் கழுதைகளோடு நின்றபோது மூன்று குண்டு விமானங்கள் ஓடுபாதையை நோக்கி வந்தன. கீழே வேறு ஊர் ஜனங்கள் உருளை இழுத்துக்கொண்டிருந்தார்கள். எதிர்த்துப் பாய்ந்தது ஒரே ஒரு விமானம். முதல் பாய்ச்சலில் சுடும் சத்தம் கேட்டது. அடுத்த இரண்டு பாய்ச்சலில் சத்தமே இல்லை. தோட்டா தீர்ந்த பிறகும் அந்தப் பைத்தியக்காரன் அவர்கள் மூக்குக்கு நேரே போய்ப் போய் வந்தான். அவர்கள் பயந்து ஒதுங்கி, குண்டுகளை வெறும் வயலில் கொட்டிவிட்டுத் திரும்பினார்கள். ஒன்றும் விழவில்லை. விழுந்தது அவன்தான், புகைந்துகொண்டே மேல்கணவாய்ப் பக்கம்.

மறுநாள் லின்ஃபூ அங்கே போனபோது உடைசலைத் துண்டு துண்டாக வெட்டி, வண்ணத்தைச் சுரண்டி வைத்திருந்தார்கள். தூ புது பூட்ஸ் போட்டிருந்தார். உள்ளே வைக்கோல் அடைத்தும் கால் ஆடியது.

"தலைவரே, இது நெட்டையனோடது."

"தெரியும்யா. நல்ல எடமாப் பாத்துத்தான் பொதைச்சிருக்கோம். கோழி அறுத்தோம், பத்தி கொளுத்தினோம். செத்தவனுக்கு இதுக்கு மேல என்ன வேணும்? எதிரி விமானம்னு சொல்லியாச்சு. இன்னொரு அறுவடை வரைக்கும் எங்க ஊருப் பொம்பளைங்க பொழைச்சுக்கிடுவாங்க. நீ காட்டின வழிதானே!"

லின்ஃபூ வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டான். சில நாள் கழித்து உப்பு இறக்கப் போனபோது பானிடம், தெரியாதவன் போல, நெட்டையனைப் பற்றி விசாரித்தான்.

"ஓடிட்டான். விமானத்தோட இந்தியாவுக்குப் போயி வித்துத் தின்னிருப்பான். கூலிக்குச் சண்டை போடறவன் வேற என்ன செய்வான்? அவங்க ஆளுங்களே அப்படித்தான் பேசிக்கறாங்க."

"அப்போ மேல்கணவாயில விழுந்தது?"

"அது வேற ஒருத்தர் வீழ்த்தினது. நான்தான் சுட்டேன்னாரு, உடைசலைப் பாத்தாங்க, காசும் குடுத்தாச்சு."

லின்ஃபூ உப்பு மூட்டையை இறக்கிப் போட்டுவிட்டுத் திரும்பி நடந்தான். செத்தவனையே எதிரியாக்கி ஒருவன் காசு வாங்கிவிட்டான்! அதற்குப் பாதை போட்டவன் யார்? தான்தான். இரவு சோற்றைத் தள்ளி வைத்தான். குய்ஜெனிடம் எல்லாவற்றையும் கொட்டினான்.

அவள் பொங்கிவிட்டாள். "அந்த ஆளு உங்களுக்கு மாமனா, மச்சானா? சொன்னா வாலு கதையும் வெளிய வரும். நம்ம ஊரையே பழையபடி கயித்துல கட்டுவாங்க. இந்த வயித்தத் தூக்கிட்டு நான் உருளை இழுக்கணுமா?"

"அதான் பயமா இருக்கு குய்ஜென்."

அவன் தின்னாத சோற்றை எடுத்து மூடி வைத்தாள். பிறகு, "குண்டு விமானம் வந்த அன்னிக்கி அந்த உருளைக் கயித்துல என் தங்கச்சி இருந்தா. அவளக் கட்டிக்குடுத்த ஊருக்கு அந்த வாரம் முறை," என்றாள். மூக்கைச் சிந்தினாள். "போய்ச் சொல்லுங்க. வர்றது வரட்டும்."

பான் முதலில் நம்பவில்லை. வெட்டின துண்டு யாருடையது என்று எப்படிச் சொல்வது? அந்தத் தந்திரம் எங்கிருந்து வந்தது என்று விளங்க வைக்க லின்ஃபூ, அன்றைக்குப் பான் தெரியாததுபோல் விட்டுவிட்ட வால் கதையையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதாயிற்று. கேட்டு முடித்ததும் பான் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"முட்டாள், உனக்குப் புரியுதா? அந்த ஆள் பேர்ல இருந்தது ஒரே விமானம். அதுவும் உன் கழுதை சுட்டது. இதை எழுதினா அவனுக்கு ஒண்ணுமே மிஞ்சாது."

"ஒண்ணுமே இல்லாமப் போகட்டுங்க. ஓடிப்போனவன்னு மட்டும் இருக்க வேணாம்."

பான் எழுதினான். மேல்கணவாய்க் குழியைத் தோண்டிப் பார்த்தார்கள். வெளிநாட்டு விமானிகள் தொப்பியைக் கழற்றி நின்றார்கள். காசு வாங்கினவனும் வந்து நின்றான். அவனிடம் யாரும் எதையும் திருப்பிக் கேட்கவில்லை. அது அவர்கள் வீட்டு விவகாரம் என்று விட்டுவிட்டார்கள்.

எங்கள் ஊர்களை அப்படி விட்டுவிடவில்லை. இரண்டு ஊரின் விடுதலையும் போயிற்று. லின்ஃபூவின் கழுதைகளை ராணுவம் பிடுங்கிக்கொண்டது. கழுதை இல்லாதவனுக்கு உப்பு வேலை ஏது? குய்ஜென் பிடித்த கயிற்றை அவனே பிடித்தான். அடுப்பு எரிய வேண்டுமே, அவள் வயிற்றைச் சுமந்துகொண்டு ஓரமாக உட்கார்ந்து கூலிக்குக் கல் உடைத்தாள். சொந்த ஊர்க்காரர்கள் அவன் முகத்தில் விழிக்கவில்லை.

அவனுக்கு அடுத்த ஆளாகக் கயிறு பிடித்தவர் தூ. முதல் நாள் முழுக்க அவர் வாயிலிருந்து வசவு நிற்கவில்லை. லின்ஃபூ குனிந்து பார்த்தான். தலைவரின் கால் வெறுங்காலாக இருந்தது. விரலிடுக்கில் ரத்தம்.

"பூட்ஸ் எங்க தலைவரே?"

"தோண்ட வந்தவங்க கேக்கவேயில்ல. நானாத்தான் கழட்டிக் குடுத்தேன். அவன் காலுல மாட்டித்தான் பெட்டியில வெச்சாங்க." தூ காறித் துப்பினார். "நாசமாப் போறவனே, உன்னாலதான்டா. கல்லு குத்துது. இழு!"

லின்ஃபூ இழுத்தான்.